பார்ட்டி வச்சுக்கோ கண்ணு

வச்சுக்கோ கண்ணு, தாராளமா வச்சுக்கோ. இந்தச் சபாபதி ஒரு தடவை சரின்னு சொன்னா சரிதான், அப்புறம் பேச்சு மாறமாட்டான். உன் சிநேகிதங்க சாயங்காலம் வரட்டும், கேக் வெட்டுங்க, ஹாலை ஒதுக்கித் தர்றேன். அதுக்கு எதுக்கு நின்னுக்கிட்டே நன்றி சொல்ற? உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. இங்கிருந்து பார்த்தா கேட்டும் தெரியும், ரோட்டு வளைவும் தெரியும். பனி இறங்கலேன்னா மலை ஏறி வர்ற ஒவ்வொரு வண்டியும் தெரியும்.

உன்கூட வந்த தம்பி கேக் வாங்கப் பேக்கரிக்குத்தானே போயிருக்கு? வரட்டும், மெதுவா வரட்டும். ரோட்டு வழியாப் போயிருந்தா சுத்து, நேரம் ஆகும். நீன்னு பேசறேன்னு தப்பா எடுத்துக்காத இந்துஜா. எனக்கு உன்னை விட மூத்த பொண்ணு இருக்கா.

நேத்து நீங்க வந்து இறங்கினதும் நீ கேட்டப்ப மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டேன்ல, 'காலையில பார்த்துச் சொல்றேன்'னு. பார்ட்டின்னு யார் வாயைத் திறந்தாலும் எனக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன் கேளு. சொன்னாத்தான் உனக்கு என்னைப் புரியும். எல்லாரும் என்னைத் தப்பாவே புரிஞ்சுக்கறாங்க, உள்ள இருக்கறவ உள்பட.

நான் தபால் ஆபீஸ்ல இருந்தவன். போஸ்ட்மேனாச் சேர்ந்து போஸ்ட்மாஸ்டரா ரிடையர் ஆனேன், கடைசிப் போஸ்டிங் இந்த ஏற்காட்டுலதான். குளிர் ஒத்துக்கிச்சு, இங்கயே வீட்டைக் கட்டிட்டேன். பொண்ணு பெங்களூர்ல வேலைக்குப் போனதும் மாடி சும்மாக் கிடந்துச்சு. அவதான் ஜன்னலையும் மிளகுக் கொடியையும் போட்டோ புடிச்சு, ரூம் புக் பண்ற ஆப்புல ஏத்திவிட்டா. 'அப்பா, நாலு பேரு வந்து போவாங்க, உங்களுக்கும் பேச ஆள் கிடைக்கும்'னா. ஆரம்பத்துல வந்தவங்க தங்கமான மனுஷங்க. காலையில ஏரி, சாயங்காலம் லேடீஸ் சீட்டுல நின்னு மலை வேடிக்கை, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் விளக்கணைச்சுத் தூங்கிடுவாங்க.

அப்புறம்தான் இந்தப் பார்ட்டிக் கூட்டம் வந்துச்சு.

அதுங்க கேக்கற விதம் இருக்கே. 'அங்கிள், சும்மா ஒரு கெட் டுகெதர்.' 'அங்கிள், சவுண்ட் பாக்ஸ் எல்லாம் கிடையாது, இத்தனூண்டு புளூடூத்துதான்.' ஒருத்தன் சொல்றான், 'அங்கிள், எங்கம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள்.' சரி, அம்மாவாச்சேன்னு விட்டேன். சாயங்காலம் வேன் வந்து நின்னுச்சு. இறங்கினது பூரா அரை டவுசர் போட்ட தடிப்பசங்க. அம்மா எங்கடான்னா, வீடியோ கால்ல வருவாங்களாம். மறுநாள் காலையில பார்த்தா மிளகுக் கொடியில பாட்டில் தொங்குது, கோமளா ஆசை ஆசையா வச்சிருந்த ரோஜாத் தொட்டியில எவனோ வாந்தி எடுத்து வச்சிருக்கான். கோமளான்னா என் வீட்டுக்காரி. உள்ளதான் இருக்கா, காபி கொண்டுவருவா.

பக்கத்து எஸ்டேட்டுல இருந்து புகார் போயி, ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஆள் வந்தான். என் பொண்ணு வயசுதான் இருக்கும். கேட்டுல கையை வச்சுக்கிட்டு, 'பெரியவரே, இது வீடா லாட்ஜா'ன்னு கேக்கறான். காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வீடு வீடா கௌரவமாப் போயி நின்னவன் நான். என்னைப் பார்த்து, என் வாசல்ல நின்னு அப்படிக் கேட்டான். அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு.

தகரத்துல எழுதி மாட்டினேன், 'இங்கு பார்ட்டிகளுக்கு அனுமதி இல்லை'ன்னு. அந்த போர்டுக்கு அடியிலயே நின்னு, கையில கிளாஸோட, பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு கூட்டம் போட்டோ எடுத்துப் போட்டிருக்கு. என் பொண்ணு அதை எனக்கு அனுப்பி, கூடவே சிரிக்கற பொம்மையும் போட்டிருந்தா.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. தங்க வர்றவங்க ஆதார் காப்பி வாங்கி வைக்கணும்கறது ரூல். எல்லாரும் வாங்குவாங்க, டிராயர்ல போட்டு மூடிடுவாங்க. நான் அப்படி இல்ல கண்ணு. அட்ரஸைப் பார்த்தா மத்தவங்களுக்கு எழுத்து தெரியும், எனக்குத் தெருவே தெரியும். எந்தப் பக்கம் பள்ளிக்கூடம், எந்தப் பக்கம் கோயில், எந்தத் தெருவுல யாரு குடியிருக்காங்க, எல்லாம் தெரியும். எனக்குத் தெரியலேன்னா எங்க ஆளுங்களுக்குத் தெரியும். எங்க ரிடையர் ஆனவங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. காலையில ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங், மத்தியானம் பென்ஷன் சண்டை. அதுல ஒரு பின்கோடைப் போட்டு, 'இந்தப் பக்கம் யாருப்பா இருக்கீங்க'ன்னு கேட்டாப் போதும். கன்னியாகுமரியா இருந்தாலும் ஒரு கை எழும்பிடும். அந்த வீட்டுல எத்தனை பேரு, அப்பா என்ன பண்றாரு, என்ன ஆளுங்க, போன் நம்பர் என்ன, அத்தனையும் வந்துடும். எல்லாம் அந்தத் தெருவுல வெயில்ல அலைஞ்ச மனுஷங்கதானே.

அதுக்கப்புறம் எனக்கு போர்டே தேவைப்படல. மாடியில ஒருத்தன் பாட்டை அலற விட்டானா? நான் கத்தறதில்ல, சண்டைக்குப் போறதில்ல. நேரா படியேறிப் போயி போனை நீட்டுவேன். 'தம்பி, அம்மா லைன்ல இருக்காங்க.' அவ்வளவுதான், பாட்டு நின்னுடும். மீசை முளைச்சு ஐடி கம்பெனியில மேனேஜரா இருக்கறவன், 'இல்லம்மா, சும்மாம்மா'ன்னு மூலையில போயி நிப்பான் பாரு, பார்க்கவே பாவமா இருக்கும். போலீசுக்குப் பயப்படாதவன்கூட வீட்டுக்குப் பயப்படறான். அப்ப வீட்டுக்குச் சொல்றதுதானே சரி?

நல்ல பேரும் வந்துச்சு. ஒரு பொண்ணு ஆப்புல எழுதியிருந்துச்சு, 'இங்க தங்கினா நம்ம சொந்த வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கும், யோசிச்சுப் போங்க'ன்னு. சொந்த வீடு மாதிரின்னு ஒருத்தர் சொல்றதைவிட வேற என்ன வேணும்? ஸ்டார் மட்டும் ஒண்ணே ஒண்ணு குடுத்திருந்துச்சு. கை தவறிப் பட்டிருக்கும்.

காபி வந்துடுச்சு பாரு. வாங்கிக்கோ. கோமளா, நீயும் உக்காரேன், இந்துஜாகிட்ட பேசிட்டிருக்கேன். போறா பாரு. டம்ளரை வச்சா, உன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தா, போயிட்டா. நீ ஒண்ணும் நினைச்சுக்காத, அவ தங்க வர்றவங்க யாருகிட்டயும் பேசறதில்ல இப்போ. என்கிட்டயும்தான். சர்க்கரை போதுமா?

அவ பேசாததுக்குக் காரணம் அந்தப் பொண்ணு. மோகனப்பிரியான்னு பேரு. போன வருஷம் இதே மாதிரி மழை விட்ட சமயம், ஒரு பையனோட வந்துச்சு. பையன் ஜெயசீலன். ரெண்டும் உன்னையும் தம்பியையும் மாதிரித்தான், அமைதியான ஜோடி. பையன் பையைத் தூக்கிட்டு மாடிக்குப் போனதும் அந்தப் பொண்ணு இதோ, இதே இடத்துல வந்து நின்னுச்சு. 'சார், நாளைக்கு மத்தியானம் எங்க சிநேகிதங்க கொஞ்ச பேரு வருவாங்க. சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு சின்ன பார்ட்டி மாதிரி. பாட்டுக்கூடப் போடமாட்டோம் சார். சத்தமே இருக்காது.'

எனக்கு அங்கதான் உறுத்துச்சு. பாட்டு இல்லாம, சத்தம் இல்லாம என்ன பார்ட்டி? சத்தம் போடற கழுதையையாவது நம்பலாம், இது என்னமோ மறைக்குதுன்னு தோணுச்சு. என்ன விசேஷம்னேன். பிறந்தநாள்னுச்சு. யாருக்குன்னேன். கொஞ்சம் யோசிச்சு, 'எனக்குத்தான் சார்'னுச்சு. ஆதாரைப் பார்த்தா பிறந்தநாள் அந்த மாசமே இல்ல. கழுத்துல பார்த்தேன், துப்பட்டாவுக்குள்ள புது மஞ்சக்கயிறு. ரூம் கிடைக்கணும்னு இப்பல்லாம் ஒரு கயித்தைக் கட்டிக்கிட்டு வந்துடுதுங்க, எத்தனை பார்த்திருக்கேன். ரெண்டு கார்டுலயும் வேற வேற அட்ரஸ். ஒரே ஊர்தான், ஆனா ஊருக்கு அந்தக் கோடி இந்தக் கோடி.

ரெண்டு அட்ரஸையும் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும்னு கோமளா மறுநாள் காலையில சொன்னா. தெரு பேரு படிச்சே ஆளைச் சொல்ற மனுஷனுக்கு இது தெரியாமப் போச்சான்னு கேட்டா. எனக்கு அப்ப மனசுல இருந்தது பார்ட்டிதான் கண்ணு. வேற ஒண்ணும் இல்ல.

குரூப்புல பின்கோடு போட்டேன். ரிடையர் ஆன போஸ்ட்மேன் ஒருத்தர் கூப்பிட்டார். பொண்ணோட அப்பா பேரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கிட்டார். அப்புறம் மெதுவா, 'அண்ணே, பொண்ணு அங்கயா இருக்கு?'ன்னார். ஆமாங்க, பார்ட்டி வைக்கணும்னு நிக்குதுன்னேன். 'கூட இருக்கற பையன் பேரு என்ன?' சொன்னேன். தெருவும் சொன்னேன். 'ஓ'ன்னார். அவ்வளவுதான். அவர் நம்பர் தருவார்னு பேனாவை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணோட அப்பாவே என் நம்பருக்குக் கூப்பிட்டுட்டார்.

என்ன மரியாதை தெரியுமா. நான் எத்தனையோ அப்பாக்கள்கிட்ட பேசியிருக்கேன், 'நீ யாருடா எனக்குச் சொல்ல'ன்னு என்னையே திட்டினவனும் உண்டு. இவர் அப்படி இல்ல. 'அய்யா, நீங்க எனக்குத் தெய்வம் மாதிரி. பொண்ணு சின்ன கோவத்துல வந்துடுச்சு. நாங்க வந்து கூட்டிக்கறோம். அதுவரைக்கும் எங்கயும் விட்டுடாதீங்க. கேக்கறதைக் குடுத்து இருக்க வைங்க. நாங்க வர்றது மட்டும் தெரிய வேண்டாம், பயந்துக்கும்'னார். பயந்துக்கும்னு சொன்னார் பாரு. பொண்ணு பயந்துடுமேன்னு நினைக்கற அப்பா எத்தனை பேரு இருக்காங்க?

அதனாலதான் மாடிக்குப் போயி சொன்னேன், 'வச்சுக்கோ கண்ணு, பார்ட்டி வச்சுக்கோ'ன்னு. ரெண்டும் நம்பாம ஒண்ணை ஒண்ணு பார்த்துக்குச்சு. அந்தப் பொண்ணு சடார்னு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுடுச்சு. பின்னாலயே அந்தப் பையனும். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. போர்டு மாட்டினதுக்கப்புறம் ஒரு பார்ட்டிக்கு நான் சரின்னு சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதுக்கப்புறம் இன்னைக்கு உனக்குச் சொல்லியிருக்கேன்.

என்ன கண்ணு, காபி ஆறுது. குடி.

மறுநாள் காலையில அந்தப் பொண்ணு கீழ இறங்கி வந்து கோமளாவுக்குப் பூண்டு உரிச்சுக் குடுத்துச்சு. வர்றவங்களுக்குப் பாயசம் வைக்கலாம்னு கோமளாதான் சொல்லியிருக்கா. ரெண்டும் சமையக்கட்டுல குசுகுசுன்னு பேசிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரத்துல கோமளா கையைத் துடைக்காமக்கூட என்கிட்ட வந்தா. 'ஏங்க, அதுங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுப் பண்ணிக்கிட்டாங்களாம். கையெழுத்துப் போட வந்த சிநேகிதங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடத்தான் இங்க வந்திருக்குதுங்க. பொண்ணு வீட்டுல தெரிஞ்சா உயிரோட விடமாட்டாங்களாம்'னா.

நான் போன் பண்ணிட்டேன்னு சொன்னேன்.

அவ போனை எடுத்து என் கையில திணிச்சா. அப்புறம் சொல்றா, 'இன்னொரு போன் போட்டு, அவங்க காலையிலயே கிளம்பிப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க.' கேட்டியா, என்னைப் பொய் சொல்லச் சொல்றா. கண்ணு, போஸ்ட்மேனா இருந்த காலத்துல சோம்பேறித்தனம் பண்றவன் என்ன பண்ணுவான் தெரியுமா? வீட்டுக்கே போகமாட்டான். மரத்தடியில உக்காந்து, 'வீட்டில் ஆள் இல்லை'ன்னு கவர் மேல எழுதித் திருப்பி அனுப்பிடுவான். என் சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூட அப்படிப் பொய்யா எழுதினவன் இல்ல. மழையோ வெயிலோ, கொண்டுபோய்ச் சேர்த்தாத்தான் எனக்குத் தூக்கம். அதைச் சொன்னேன். 'அப்ப நான் போயி அதுங்ககிட்ட சொல்லிடறேன்'னு திரும்பினா. அந்தப் பொண்ணு அதுக்குள்ள குளிக்க மாடிக்குப் போயிடுச்சு. நான் என்ன பண்ணினேன், இந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போயி சமையக்கட்டு வாசல்ல குறுக்கப் போட்டு உக்காந்துட்டேன். அடிக்கல, திட்டல. சும்மா உக்காந்திருந்தேன். அவ அடுப்புக்கிட்ட நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. பாயசம் அடி புடிச்சுப் போச்சு.

ரெண்டு வண்டியில வந்தாங்க. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி. செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ள வந்தாங்க, அந்த மரியாதையை நான் சொல்லியாகணும். அப்பா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். கை ஜில்லுன்னு இருந்துச்சு, மலைக்குளிர் பழக்கமில்ல போல. ரெண்டு பேரு மாடிக்குப் போனாங்க.

அந்தப் பொண்ணு கோமளாவோட புடவையைக் கட்டியிருந்துச்சு, மயில்கழுத்துக் கலரு. சுடிதார்ல எப்படி விருந்து போடறதுன்னு கோமளாதான் எடுத்துக் குடுத்திருக்கா. தலையில கொஞ்சம் பூ. படி இறங்கி வந்து அப்பாவைப் பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. ஒரு அழுகை இல்ல, ஒரு கூச்சல் இல்ல. சத்தமே இருக்காது சார்னு சொல்லுச்சுல்ல, அந்த வார்த்தையைக் காப்பாத்திடுச்சு. 'அப்பாகூடப் போயிட்டு வா கண்ணு, எல்லாம் சரியாயிடும்'னு நான்தான் சொன்னேன். பையனை இன்னொரு வண்டியில ஏத்திக்கிட்டாங்க. பெரியவங்க வச்சுப் பேசி முடிக்கணும்னாங்க. நியாயம்தானே? போகும்போது அவர் என்கிட்ட காபி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போனார். கோமளா போடல, நானே போட்டேன்.

அவங்க போனதுக்கப்புறம் சிநேகிதங்க வந்தாங்க, கையில கேக் டப்பா. விஷயத்தைச் சொன்னதும் ஒரு பொண்ணு அந்தக் கேட்டுக்கிட்டயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. கேக்கை அங்கயே வச்சுட்டு ஓடிப்போயிட்டாங்க. கோமளா எடுத்து ஃபிரிட்ஜுல வச்சா. ரெண்டு பேரு பேரும் எழுதியிருந்துச்சு. வெட்டவும் விடல, கொட்டவும் விடல. பூசணம் பூத்து எழுத்து தெரியாமப் போற வரைக்கும் வச்சிருந்தா. என்ன பிடிவாதம் பாரு.

அப்புறம் ஒரு நாள் பேப்பர்ல ஓரமா வந்துச்சு. பொண்ணு வயித்துவலி தாங்காமப் போயிடுச்சாம். பையனை அதுக்கு முன்னாடியே ரயில் ரோட்டோரம் பொணமா எடுத்திருக்காங்க. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா வயித்துவலிக்கு நான் என்ன பண்ணுவேன்? இங்க இருந்த வரைக்கும் அந்தப் பொண்ணு நல்லாத்தான் சாப்பிட்டுச்சு. போலீஸ்ல வந்து கேட்டாங்க, நடந்ததைச் சொன்னேன். ஆதார் காப்பியைக் காட்டினேன். 'பெரியவரே, எல்லா வீட்டுக்காரங்களும் உங்களை மாதிரி கரெக்டா இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்'னு சொல்லிட்டுப் போனாங்க. லாட்ஜான்னு கேட்டானே, அதே ஸ்டேஷன்தான்.

எனக்கு வருத்தம் என்னன்னா, அதுங்க என்கிட்ட பொய் சொல்லுச்சுங்க. பார்ட்டின்னு சொன்னதாலதானே இத்தனையும். கல்யாணம்னு நேராச் சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? சொல்லியிருந்தா... அப்பவும் பெத்தவங்களுக்குத் தெரியப்படுத்தணும்தான். அது முறை. ஆனா நேராச் சொல்லியிருந்தா மனசுக்கு ஒரு திருப்தி.

அவங்க வந்து கூட்டிட்டுப் போன அன்னையில இருந்து கோமளா என்கிட்ட பேசறதில்ல. சோறு போடுவா, துணி துவைப்பா, வாய் திறக்கமாட்டா. பொண்ணுகிட்ட என்னத்தையோ சொல்லியிருக்கா, அதுவும் போன் பண்ணினா அம்மாகிட்ட மட்டும் பேசிட்டு வச்சிடுது. அது போகட்டும். இவ சில கிறுக்குப் பழக்கம் வேற பழகிக்கிட்டா. பின்கட்டுக் கதவைத் தாழ் போடறதே இல்ல. எத்தனை தடவை சொல்லிட்டேன், குரங்கு வந்து சாமானை இழுத்துப் போடுதுன்னு. நான் போட்டுட்டு வருவேன், அவ போயி திறந்துடுவா. அது வழியா இறங்கினா காப்பிச் செடிக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை, நேரா பஸ் நிக்கற ரோட்டுக்குப் போயிடும். உன்கூட வந்த தம்பி போயிருக்கற பேக்கரிக்கு நேர் எதிர்லதான் போயி முடியும். இன்னொண்ணு, ஜோடியா யாரு தங்க வந்தாலும், அந்தப் பொண்ணோட செருப்பை எடுத்துக்கிட்டுப் போயி பின்வாசல்ல வச்சிடறா. ஏன்னு கேட்டா உள்ள போயிடறா. உன்னுதும் வாசல்ல காணோம் பாரு. அங்கதான் இருக்கும், பதறாத.

நீ ஏன் கண்ணு ஒரு மாதிரி ஆயிட்ட? இது என்னைக்கோ நடந்த கதை. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு. உங்க வீட்டு வேப்பமரத்தடியில டிராக்டர் நிக்குமாமே, வாசல்ல புதுசா கிரில் போட்டிருக்காங்களாமே, எல்லாம் சொன்னார். அவரும் எங்க தபால் ஆளுதான், உங்க தெருவுலயே இருபது வருஷம் நடந்தவர்.

இல்ல, நேத்து நீ கேட்ட உடனே நான் சும்மா ஒரு வார்த்தை... பிறந்தநாள்னு சொன்ன, கார்டுல வேற தேதி இருக்கு. படியேறும்போது மெட்டிச் சத்தம் கேட்டுச்சு, புது மெட்டி. சரி, வீட்டுக்குத் தெரியட்டுமேன்னுதான். உங்கப்பாவுக்கு என்ன கணீர்னு குரல். ரொம்பத் தன்மையாப் பேசினார். இருக்க வைங்க அய்யான்னார். அவர் சொல்ல வேண்டாம்னு சொன்னார், நானா உளறிட்டேன், நீ எதையும் காட்டிக்காத. வந்தா நல்லபடியாப் பேசுங்க. எல்லா அப்பாவும் ஒரே மாதிரியா இருப்பாங்க? இவர் வேற மாதிரி இருப்பார். எனக்குக் குரலைக் கேட்டாலே தெரியும்.

தண்ணியா? சமையக்கட்டுல பானையில இருக்கு, கோமளாகிட்ட கேளு. போனை இங்கயே வச்சுட்டுப் போயேன். சரி, எடுத்துக்கிட்டே போ. பையை எதுக்கு எடுக்கற? சரி சரி. குடிச்சுட்டு வந்துடு.

பனி ஏறிடுச்சு. வளைவே தெரியல. வண்டிச் சத்தம் மட்டும் கேக்குது. ஒண்ணா, ரெண்டான்னு தெரியல. லைட்டு தெரியுது. ரெண்டுதான்.

கண்ணு, தண்ணி குடிச்சாச்சா? இந்துஜா?

கோமளா, அந்தப் பொண்ணு உள்ள இருக்கா? பின்கதவு அடிக்குது பாரு காத்துல, தாழைப் போடுன்னா கேக்கறியா. என்ன, நீ எதுக்கு வர்ற இப்போ? அந்த நாற்காலியை ஏன் தூக்கற? ஏய், அதை எங்க கொண்டுபோற? சமையக்கட்டு வாசல்ல போடாத, வர்றவங்க உள்ள போயி வர வழி வேணும். எழுந்திரு கோமளா. வயசான காலத்துல அந்த ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்காத. இப்படி முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?

என்னது? சத்தமாச் சொல்லு. ஒரு வருஷம் கழிச்சு வாயைத் திறக்கற, காதுல விழற மாதிரிச் சொல்லு.

'வீட்டில் ஆள் இல்லை'ன்னு நான் சொல்லணுமா?

இல்ல, அது என்னால... கோமளா, என்னைப் பார்த்து அப்படிக் கும்பிடாத. எழுந்திரு. நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட...

கேட்டுல ஹாரன் அடிக்கறாங்க. செருப்பைக் கழட்டற சத்தம் கேக்குது. நான் என்னன்னு சொல்லட்டும் கோமளா?